கீழ்த்தளத்தில் சார்ஜிங் இணைப்பு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் நாற்பது வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் இருக்கிறோம். மின்சார ஸ்கூட்டர் வாங்க முன்பணம் கட்டிவிட்டேன். என் வீட்டு மீட்டரிலிருந்தே கீழ்த்தள நிறுத்துமிடத்துக்கு 15 ஆம்பியர் பிளக் இழுக்க அனுமதி கேட்டால், சங்கக் கூட்டம் பட்டிமன்றமாகிவிட்டது.

"தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்கிறார் செயலாளர். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2022இல் ஸ்கூட்டர்கள் எரிந்ததை எல்லோரும் பார்த்தோம். அதன் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன என்று சொன்னேன், எடுபடவில்லை. இன்னொருவர், நான் சார்ஜ் செய்தால் மொத்தக் கட்டடத்துக்கும் மின்சாரம் போய்விடும் என்கிறார். 3 கிலோவாட் மணி பேட்டரி நிரம்ப, சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, மூன்றரை யூனிட் போதும். அவர் வீட்டு ஏசி ஓரிரவில் அதைவிட அதிகம் குடிக்கும்! (இதை அவரிடம் சொல்லவில்லை, பக்கத்து வீடு.)

உங்கள் அடுக்ககத்தில் இதைச் சாதித்தவர்கள் உண்டா? தீர்மானத்தை எப்படி எழுதினீர்கள்? தனி எம்சிபி (மின்சுமை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), எர்த்திங் எல்லாம் சேர்த்து எவ்வளவு செலவானது? காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தீர்களா? அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. தீர்மான நகல் இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு, இங்கேயே பகிருங்கள்.