எலூல் மாதம்: யூதப் புத்தாண்டுக்கு முன் நாங்கள் கண்டவை

ஜெருசலேமில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். அவருடைய குடும்பம் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தது. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு ஒரு மாதம் முன்பே, எலூல் மாதம் பிறந்ததும், வீட்டின் நேரமே மாறிவிடுகிறது. விடியுமுன் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி, நஹ்லாவோத் பகுதியின் சந்துகள் வழியாக அடேஸ் ஜெபாலயத்துக்கு அழைத்துப் போகிறேன். 1901இல் அலெப்போக்காரர்கள் கட்டியது அது. மன்னிப்பு வேண்டும் 'செலிஹோத்' பாடல்களைச் சிறுவர் முதல் கிழவர் வரை சேர்ந்து பாடுகிறார்கள். மார்கழிப் பஜனை கேட்டு வளர்ந்த எனக்கு அந்த வேளையும் அந்தக் குரல்களும் உடனே பிடித்துப்போயின.

வீடு திரும்பியபின் அவர் செய்வதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, மனத்தாங்கல் உள்ள ஒவ்வொருவரையும் அழைத்து மன்னிப்புக் கேட்கிறார். மனிதருக்குச் செய்த தீங்கை அவரைச் சமாதானப்படுத்தும்வரை யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாளும் போக்காது என்கிறது மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு. மறுத்தால் மூன்று முறை வரை கேட்க வேண்டுமாம். தம்பி மனைவி இருமுறை பேச மறுத்துவிட்டார். இவர் மறுபடியும் அழைத்தார்.

ஒரு நாள் என்னிடமும் கேட்டார். பேரப்பிள்ளைகள் முன்னால் எப்போதோ என்மீது எரிந்து விழுந்திருந்தார். நான் மறந்தே போயிருந்தேன். தம்மிடம் சம்பளம் வாங்குகிறவளை முகம் பார்த்து அப்படிக் கேட்க எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

*

சகோதரிக்கு வணக்கம். நான் இஸ்ரேலின் ரெஹோவோத் நகரில் ஆராய்ச்சி செய்தபோது பழகியவர்கள் அஷ்கெனாஸிகள், அதாவது ஐரோப்பிய வழிவந்த யூதர்கள். அவர்களுக்குச் செலிஹோத் தொடங்குவது புத்தாண்டை ஒட்டிய ஒரு சனிக்கிழமை நள்ளிரவில். ஆனால் எலூல் முழுக்கக் காலை வழிபாடு முடிந்ததும் ஷோஃபார் என்னும் கொம்பை ஊதுவார்கள். ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் புத்தாண்டுக்கு முந்தைய நாளிலும் மட்டும் கிடையாது.

அந்த முந்தைய நாள் காலையில்தான் நான் வியந்த சடங்கு. மூன்று பேர் நீதிபதிகளாக உட்கார, ஒருவர் எதிரே நின்று, தாம் நிறைவேற்றாத நேர்த்திகளிலிருந்து விடுவிக்கும்படி கேட்கிறார். விடுவித்தோம் என்று அவர்கள் மும்முறை சொல்கிறார்கள். பிறகு ஆட்கள் இடம் மாறிக்கொள்கிறார்கள். பேராசிரியர் நிற்க, அவருடைய மாணவர் நீதிபதியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பிறருக்குக் கொடுத்த வாக்கு இதில் அடங்காது. அதை அவரிடமே போய்த் தீர்க்க வேண்டும்.

ஸ்பெயின், மத்தியக் கிழக்கு மரபில் வந்த ஸெஃபார்தி யூதர்கள் சிலர் இதைப் புத்தாண்டுக்கு நாற்பது நாள் முன்பே ஒருமுறை செய்வதுண்டு. அந்த ஐயா வீட்டில் எப்போது செய்கிறார்கள், சகோதரி?