வேன் அடுப்பும் தோசைக்கல்லும்: சூடு எங்கே போய் உட்காருகிறது

கண்டனூர் டிங்கர்

கானாடுகாத்தானுக்கு வந்த கேம்பர் வேன், படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற வண்டி. அடுப்பின் மேல் கவிழ்க்கிற கண்ணாடி மூடி உடைந்தது அடுப்பு எரியும்போது இல்லை, அணைத்துக் கால் மணி நேரம் கழித்து. பன்னிரண்டு அங்குல இரும்புத் தோசைக்கல்லை இறக்கியாச்சு, தீ இல்லை, மூடியைக் கவிழ்த்தார்கள். டப்பென்று ஒரே சத்தம். வேன் முழுக்கக் கற்கண்டு கொட்டின மாதிரி கண்ணாடி, மெத்தைத் தையலுக்குள்ளகூட.

அந்த மூடி டஃப்பண்ட் கண்ணாடி. மேல்தோல் இறுக்கமாகவும் உள்பக்கம் இழுவையாகவும் நிற்கிற சாமான். ஓர் இடத்தில் இறுக்கம் விட்டால் மொத்தமும் போகும். பாத்திரம் வைக்கிற கம்பி ஸ்டாண்டின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ரப்பர் புஷ் நாலில் இரண்டு சூட்டில் காய்ந்து உதிர்ந்திருந்தது. அதனால் சுடுகிற கம்பி நேராகக் கண்ணாடியைத் தொட்டது. தொட்ட இடம் கொதிக்கிறது, மற்ற இடம் ஆறிக் கிடக்கிறது. விளிம்பில் ரோட்டு அதிர்ச்சியில் ஏற்கெனவே ஒரு சில்லு வேறு. இந்த மூன்றும் சேர்ந்தால் போதும்.

மாதம் ஒரு தடவை மூடியின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். சில்லு மாட்டினால் மூடியை மாற்றித்தான் ஆக வேண்டும், டஃப்பண்ட் கண்ணாடியை உரசிச் சரிசெய்ய முடியாது. புஷ் சிலிக்கானில் கிடைக்கிறது, சாதா ரப்பர் வேண்டாம். ஸ்டாண்டைக் கையால் பிடிக்க முடிகிற வரைக்கும் மூடக்கூடாது. இரும்புக் கல் வைத்துச் சமைத்திருந்தால் அரை மணி நேரம் விடுங்கள்.

கேஸ்லைன்

கண்ணாடி கடைசியாகப் போகிற சாமான் அண்ணே. முதலில் போவது திருகுகிற நாப், அப்புறம் அதன் கீழே கேஸைத் திறந்து மூடுகிற காக். அதை யாரும் கவனிப்பதில்லை.

டேப் எடுத்து அளந்து பாருங்கள். பர்னர் நடுவிலிருந்து நாப் நடு வரை 14 செ.மீ. என்றால், 30 செ.மீ. தோசைக்கல் நடுவிலிருந்து 15 செ.மீ. போகும். அதாவது கல் நாப்புக்கு மேலேயே நிற்கிறது. வீட்டு அடுப்பில் நாப் முன்பக்கம் கீழே இருக்கும், அங்கே இந்தத் தொல்லை இல்லை. வேன் அடுப்பில் பல மாடல்களில் அது மேல்தட்டிலேயே உட்கார்ந்திருக்கும். கல்லின் அடியில் அடித்த சூடு திரும்பிக் கீழே வருகிறது. நாப் இளகுவது கண்ணுக்குத் தெரியும். அதன் கீழே காக்குக்குள் இருக்கிற கிரீஸ் காய்வது தெரியாது.

குன்றக்குடி அடிவாரத்தில் நின்ற வேனில் நாப்பைத் திருப்பக் குறடு வைத்திருந்தார்கள். கிரீஸ் காய்ந்த காக்கில் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். எண்ணெய் சூட்டில் பிசினாகி, சிம் வைக்கிற சின்னத் துளையை அடைத்துவிட்டது. சிம்மில் வைத்தால் அணைந்து போகும் அடுப்பு, காரணம் அதுதான். காக்குக்கென்று உயர் சூடு தாங்கும் கிரீஸ் இருக்கிறது. காக்குக்குள் சுழலுகிற சுள்ளாணியைக் கழற்றித் துடைத்து மெல்லிசாகத் தடவணும், துளைக்குள் போகக்கூடாது. மாட்டினபிறகு சோப்பு நுரை போட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இன்னொன்று. நாப்பை அழுத்திப் பிடித்தால்தான் எரிகிறது, விட்டால் அணைகிறது என்றால் தர்மோகப்புள். பர்னர் ஓரத்தில் நிற்கிற செப்புக் குச்சி மாதிரி சாமான். தீயில் காய்ந்து அது கொடுக்கிற கொஞ்சம் மில்லிவோல்ட்தான் உள்ளே காந்த வால்வைப் பிடித்து வைக்கிறது. பத்து விநாடிக்குள் பிடிக்கணும். முனையில் கரி இருந்தால் நைசான எமரித்தாளால் துடையுங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பின்னால் நட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள், ரோட்டில் ஓடுகிற வண்டியில் இது சகஜம். கையால் முறுக்கிவிட்டு ஸ்பானரில் கால் சுற்று, அவ்வளவுதான். சில பேர் தொல்லை விட்டது என்று இந்தப் பாதுகாப்பையே கழற்றிவிடுகிறார்கள். காற்றில் தீ அணைந்தால் கேஸ் வந்துகொண்டே இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுப்படி ஆச்சி

தப்பு அடுப்பு மேல் இல்லை, பாத்திரத்தின் மேல். வேனுக்கு என்று தனியாகப் பாத்திரம் எடுத்து வைக்கணும்.

தோசைக்கல் எட்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தோசை சின்னதாக வரும், வரட்டும். ஏழு குழிப் பணியாரக்கல் இந்த அளவுக்குள் அடங்கும், பன்னிரண்டு குழிக் கல்லை வீட்டிலேயே வையுங்கள். வெண்கல உருளி, கல்சட்டி இரண்டும் வேண்டாம். கனம் ஒரு பக்கம், அடுப்பை அணைத்த பிறகும் சூட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டு மேல் உட்கார்ந்திருக்கும், அது வேறு. அடி தட்டையான குக்கர், ஓர் அகலமான கிண்ணி, ஒரு சின்ன இரும்புச் சட்டி போதும்.

வெள்ளைப் பணியாரம் போட ஆசைப்படுகிறவர்கள் வண்டி சமமான தரையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சட்டியை வைக்கணும். எண்ணெய் சட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது, கால் லிட்டர் தாராளம். ஒன்றொன்றாகத்தானே ஊற்றுகிறோம். பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதே உழக்கின் மேல் கோபுரமாக உளுந்தை வைத்து அளக்கிற கணக்கு எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் கூடினால் எண்ணெய் தெறிக்கும், வீட்டில் தரையில் விழுவது வேனில் மெத்தையில் விழும். எண்ணெய் தீப்பிடித்தால் நாப்பை மூடி, சட்டியை மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

வறுத்து அரைக்கிற மசாலாவை ஊரிலேயே வறுத்துப் பொடித்து எடுத்துப் போங்கள். அந்தச் சின்ன இடத்தில் மிளகாய் வறுத்தால் இருக்க முடியாது. அந்தப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் வேன் கூரைத் துணியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அது எரியக்கூடியது.

பர்னர் மூடி கறுத்திருந்தால் புளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும்.

கேஸ்லைன்

ஆச்சி, பாத்திரம் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. புளித் தண்ணீர் மட்டும் பித்தளை பர்னருக்குத்தான். வேன் அடுப்புகளில் பர்னர் உடம்பு பெரும்பாலும் அலுமினியம், மேலே எனாமல் பூசின மூடி. ஓர் இரவு புளியில் போட்டால் அலுமினியம் அரித்துக் குழி விழும். சோடா உப்பில் கொதிக்க வைத்தாலும் கறுத்துப் போகும். பல் பல்லாக இருக்கிற தீ வழி அரித்துவிட்டால் தீ ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் மஞ்சளாக எரியும். பாத்திர சோப்பு, வெந்நீர், பழைய டூத் பிரஷ், அது போதும். அடைத்த துளைக்கு ஊசி போடலாம், கேஸ் பீச்சுகிற ஜெட்டுக்குள் மட்டும் ஊசி விடாதீர்கள். துளை பெரிதானால் தீயும் பெரிதாகும்.

பள்ளத்தூர் பிளைவுட்

அடுப்பை ஒட்டின பக்கப் பலகை பற்றி யாரும் சொல்லவில்லையே. மைக்கா ஓரம் தூக்கியிருந்தால் அழகு கெட்டது என்று விட்டுவிடுகிறார்கள். மைக்கா ஒட்டுகிற மஞ்சள் பசை எழுபது எண்பது டிகிரியிலேயே இளகிவிடும். ஓரம் தூக்கியிருக்கிறது என்றால் உள்ளே பிளைவுட் பல தடவை அந்தச் சூட்டைப் பார்த்திருக்கிறது. திரும்பத் திரும்ப வறுபட்ட மரம், புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும்.

தரைக்குப் போடுகிற ஆத்தங்குடிப் பூக்கல்லை ஒட்டினால் அழகாகவும் இருக்கும், சூடும் தாங்கும். காரைக்குடியில் ஒரு வேனில் ஆறு கல் பதித்திருந்தது, பார்க்கச் செட்டிநாட்டு வீட்டு வளவு (உள்முற்றம்) மாதிரி இருந்தது.

கண்டனூர் டிங்கர்

அந்த வேனை நானும் பார்த்தேன். அழகை மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். எட்டு அங்குலக் கல், இரண்டு செ.மீ. தடிமன், ஒன்று சுமார் 1.7 கிலோ. ஆறு கல் பத்து கிலோ, ஒரே பக்கச் சுவரில். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் வர்ணச் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைத்து எடுப்பது. தரையில் கிடந்து தேங்காய் எண்ணெய் துடைப்பில் மெருகு ஏறுகிற கல் அது. அடுப்போரம் தெறிக்கிற மிளகாய் எண்ணெயைக் குடித்துக் கறையாகும், அதிர்ச்சியில் மூலை விடும்.

அதைவிடப் பெரிய விஷயம், பலகையோடு ஒட்டின எதுவும் சூட்டை நிறுத்தாது, தாமதப்படுத்தும். நிறுத்துவது காற்று இடைவெளி. அரை மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு, பின்னால் 10 மி.மீ. இடைவெளி விடுகிற ஸ்பேசர், கீழும் மேலும் திறந்து விடணும். கீழே குளிர்ந்த காற்று புகுந்து மேலே சூடாக வெளியேறும். ஸ்பேசர் உலோகமாக இருந்தால் அடுப்புக்கு நேர் எதிரே வைக்காமல் மூலைகளில் வையுங்கள், இல்லாவிட்டால் அதன் வழியாகவே சூடு போய்விடும். முடித்த பிறகு அரை மணி நேரம் சமைத்துப் பலகையின் பின்பக்கம் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் இடைவெளி போதவில்லை.

இங்கே சித்திரை வெயிலில் மூடி நிறுத்தின வேனுக்குள் அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னாலேயே பலகை சுடும். குளிர் தேசத்தில் போட்ட அடுப்பு இடைவெளி அளவு நம் ஊருக்குச் சரிப்படாததற்கு அதுவும் காரணம்.

கேட்டரிங் வண்டி

எல்லாரும் கல்லைப் பேசுகிறீர்கள், ரெகுலேட்டரைப் பாருங்கள். தேவகோட்டைப் பக்கம் கல்யாணச் சமையலுக்குப் போடுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டரை வேன் அடுப்பில் மாட்டியிருந்தார்கள், தீ போதவில்லை என்று. வீட்டு ரெகுலேட்டர் கொடுப்பது சதுர செ.மீ.க்கு 30 கிராம் அழுத்தம். இந்த ஹை பிரஷர் ரெகுலேட்டர் அரை கிலோ வரை திறந்திருந்தது. பதினாறு மடங்கு அழுத்தம் என்றால் ஜெட்டில் கேஸ் சுமார் நாலு மடங்கு. 1.8 கிலோவாட் பர்னரில் ஏழு கிலோவாட். தீ பர்னரை விட்டு எழும்பி ஹோ என்று இரைந்தது, பர்னர் மூடி ஒரே இரவில் வளைந்துவிட்டது.

தீ போதவில்லை என்றால் ஜெட்டும் காற்று வழியும் பாருங்கள். அதே வேனில் பர்னர் கீழே சுத்தத்துக்கு என்று அலுமினியத் தாள் விரித்திருந்தது. அது காற்றை அடைத்து, சூட்டையும் திருப்பிக் காக் மேல் அடித்தது. தாளை எடுத்ததும் தீ நீலமாக வந்தது. ஜன்னலும் கூரையில் காற்றுப் போகிற வெண்டும் திறந்திருக்கணும். காற்று வருகிறது என்று மூடிவிட்டுச் சமைத்தால் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயு உள்ளே சேரும், அதற்கு மணமே கிடையாது.

கேஸ்லைன்

கேஸ் டியூப் பற்றிச் சொல்ல விட்டுப் போச்சு. அடுப்புப் பெட்டிக்குப் பின்னால் பர்னர் அடியை உரசிப் போகிற டியூப்பை உடனே மாற்றுங்கள். ஆரஞ்சு சுரக்ஷா டியூப் என்றாலும் ஐந்து வருஷம்தான், அதுவும் வீட்டுச் சுவரோரம் ஆடாமல் இருந்தால். வேனில் வருஷா வருஷம் மடக்கிப் பாருங்கள். மடக்கின இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ விறைப்பாக இருந்தாலோ தூக்கி எறிய வேண்டியதுதான். அடுப்புக்குப் பின்னால் செம்புக் குழாயைக் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, சிலிண்டர் பக்கம் மட்டும் குட்டை டியூப் வைப்பது நல்லது.

சிலிண்டர் அறையின் தரையில் இருக்கிற ஓட்டையைச் செம்மண் தூசி வருகிறது என்று துணியால் அடைத்த வேனை இந்தப் பக்கம் மூன்று பார்த்தாச்சு. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். அந்த ஓட்டை அது வெளியே போவதற்கு. தூசிக்கு வலை போடுங்கள், துணியை எடுத்துவிடுங்கள்.

அடுப்படி ஆச்சி

புளி விஷயம் சரிதான் தம்பி, பித்தளைக்கு மட்டும் என்று திருத்தி வாசியுங்கள் எல்லாரும். பர்னர் என்ன உலோகம் என்று தெரியாவிட்டால் கையில் தூக்கிப் பாருங்கள், பித்தளை கனக்கும்.