பள்ளியில் கிறிஸ்தவ மாணவர் குழு, விடுமுறையில் முகாம்: பிள்ளையை அனுப்பலாமா?

ஆற்றுமணல்

அக்கா மகளுக்கு 11 வயது. அவள் பள்ளியில் மதிய இடைவேளையில் ஒரு கிறிஸ்தவ மாணவர் குழு கூடுகிறது. பாட்டு, விளையாட்டு, சின்னதாக ஒரு பைபிள் கதை. அந்தக் குழுவை நடத்தும் இளைஞர் அமைப்பே விடுமுறையில் ஐந்து நாள் முகாமும் நடத்துகிறது. போன வாரம் படிவம் வந்திருக்கிறது. போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். 12 வயது முதல் 14 வயது வரை நானும் இப்படி ஒரு முகாமுக்குப் போனவன் என்பதால் அக்கா என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்றேன். எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை, காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் நான்கு நாளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூடாரம் கட்டக் கற்றுக்கொண்டேன், நீச்சல் பழகினேன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நான் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்ட அண்ணன்கள் கிடைத்தார்கள். வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பிரச்சினை கடைசி இரவுதான். நெருப்பு அடங்கித் தணலாகியிருக்கும். மெதுவாக ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். அப்புறம் எல்லாரும் கண்ணை மூடவேண்டும். இன்றைக்கு இருதயத்தை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்தலாம் என்பார் பெரிய அண்ணன். பிறகு அமைதி. "இன்னும் ஒருவர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது" என்பார். அந்த ஒருவன் நான்தான் என்று எனக்குத் தோன்றும். கை உயரும். டார்ச் வெளிச்சத்தில் ஒரு சின்ன அட்டையும் பென்சிலும் தருவார்கள். பெயர், தேதி, ஒரு கட்டம். அதில் டிக் அடிக்கவேண்டும். மூன்று வருடமும் டிக் அடித்தேன். முதல் வருடம் அடித்தது செல்லவில்லையோ என்ற பயத்தில்தான் அடுத்த இரண்டும்.

வீட்டைவிட்டு விலகி, தூக்கம் குறைந்து, உடன் இருப்பவர்கள்மேல் பாசம் பொங்கும் ஐந்தாம் இரவில் ஒரு பிள்ளையிடம் வாழ்நாள் முடிவைக் கேட்பது நியாயமா? பள்ளிகள் இதற்கு ஆள் சேர்க்க வாசலைத் திறந்துவிடலாமா?

விளக்குத்தண்டு

நண்பரே, உங்கள் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 14 வருடமாக இந்த ஊழியத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். வருடா வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறேன், சம்பளம் கிடையாது.

இது எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1867இல் லண்டன் இஸ்லிங்டனில் ஒரு வீட்டு வரவேற்பறையில் ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவர் சில பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசினார். பெரியவர்களுக்கான பிரசங்கத்தில் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருக்கவேண்டிய காலம் அது. அவர் பிள்ளைகளின் மொழியில் பேசினார். மறுவருடம் வேல்ஸின் லாண்டுட்னோ கடற்கரையில் மணலில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்ற வாசகத்தை எழுதி, அதைக் கூழாங்கல்லாலும் சிப்பியாலும் அலங்கரிக்கப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அப்படி உருவான சங்கம்தான் பின்னால் ஸ்கிரிப்ச்சர் யூனியன் என்ற கிறிஸ்தவ அமைப்பு ஆனது. அந்தப் பெயர் 1879இல் தொடங்கிய தினசரி வேதவாசிப்புத் திட்டத்திலிருந்து வந்தது. பிள்ளையை ஒரு முழு மனிதனாக மதித்ததுதான் இந்த வேலையின் அடிப்படை.

பள்ளிக் குழுவில் மார்க் கிடையாது, கட்டாயம் கிடையாது. என் குழுவில் ஒரு பையன் இருந்தான், திக்குவாய். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். எங்களோடு பாடும்போது மட்டும் திக்காது. அது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. முதல்முறை ஒரு பாட்டு முழுக்கப் பாடி முடித்துவிட்டு, பிறகும் வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தான். அந்த முகத்துக்காகத்தான் வருடா வருடம் போகிறேன்.

ஆற்றுமணல்

அந்தப் பையனின் கதை மனதைத் தொட்டது, உண்மையாகவே. ஆனால் உங்கள் உதாரணமே என் பக்கம் பேசுகிறது, சார். லாண்டுட்னோவில் இருந்தது திறந்த கடற்கரை. குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்த பிள்ளைகள். யாரும் வேடிக்கை பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் சிப்பியைக் கீழே போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடிவிடலாம். நான் இருந்த இடத்தில் ஓட வழி இல்லை.

நாலாம்வரிசை

யாரும் தொடாத விஷயத்தை நான் சொல்கிறேன். ஈவர்ன் முகாம்கள். ஸ்கிரிப்ச்சர் யூனியன் ஊழியராக இருந்த இ. ஜே. எச். நாஷ் 1930களில் தொடங்கியவை, டார்செட்டில் ஈவர்ன் மின்ஸ்டர் என்ற ஊரின் பெயரால் அறியப்பட்டவை. இங்கிலாந்தின் பெயர்பெற்ற உறைவிடப் பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடிப்பதே திட்டம். ஜான் ஸ்டாட் போன்ற பெரிய போதகர்கள் அங்கிருந்து வந்தார்கள் என்பதையும் மறைக்கவேண்டாம்.

அதன் அறக்கட்டளைக்குத் தலைவராக இருந்தவர்தான் ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர். 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் அங்கே பழக்கமான பையன்களைத் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்கு வரவழைத்து, பாவத்துக்குத் தண்டனை என்று சொல்லி ரத்தம் வரும்வரை பிரம்பால் அடித்தார். 1982இலேயே உள்ளுக்குள் ஓர் அறிக்கை எழுதினார்கள். போலீசுக்குப் போகவில்லை. அவர் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கேயும் பையன்களுக்கு முகாம் நடத்தினார். 1992இல் அந்த முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்துகிடந்தான். 2018இல் ஸ்மித் எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெறாமலே செத்துப்போனார். இதைத் திருச்சபை கையாண்ட விதத்தை ஆராய்ந்த மேக்கின் அறிக்கை 2024 நவம்பரில் வெளியான சில நாட்களில், இங்கிலாந்து திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். பாதிக்கப்பட்டவர்கள் 100 பேருக்கும் மேல்.

விளக்குத்தண்டு

இதை எடுப்பீர்கள் என்று தெரியும். அந்தக் கொடுமைக்கு நான் ஒரு சொல்லும் சமாதானம் சொல்லமாட்டேன். ஆனால் இங்கிலாந்தில் அந்த மனிதர் அடித்தது அவர் வீட்டில், முகாமில் அல்ல. ஒருவர் செய்ததற்கு உண்மையாக உழைக்கிற ஆயிரக்கணக்கானவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டாம். பள்ளியிலும் விளையாட்டுச் சங்கங்களிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. அதற்காகப் பள்ளியையும் விளையாட்டையும் மூடுகிறோமா?

நாலாம்வரிசை

கொட்டகை அவர் வீட்டில்தான் இருந்தது. ஆனால் பையன்கள் அங்கே எப்படிப் போனார்கள்? பள்ளியின் கிறிஸ்தவக் குழு வழியாகவும் முகாம் வழியாகவும். ஆன்மிக அண்ணன் என்ற நம்பிக்கையை அந்த இரண்டும்தான் அவருக்குக் கொடுத்தன. 1982இல் விஷயம் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம், வெளியே தெரிந்தால் தேவனுடைய ஊழியத்துக்குக் கேடு வரும் என்ற பயம். விளையாட்டுப் பயிற்சியாளரைப் பற்றிப் புகார் சொல்லும் பிள்ளை ஒரு மனிதனை எதிர்க்கிறது. ஊழியக்காரரைப் பற்றிச் சொல்லும் பிள்ளை கடவுளையே எதிர்ப்பதாக நினைத்துக்கொள்கிறது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, சார். இந்த வித்தியாசத்தை ஒத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வெண்பலகை

நான் ஆசிரியர். இரண்டு பக்கமும் 'அனுமதி', 'தடை' என்று மட்டும் பேசுகிறீர்கள். சட்டம் எப்படிப் பார்த்திருக்கிறது என்றும் பாருங்கள்.

அமெரிக்காவில் 2001இல் மில்ஃபோர்டு பள்ளி வழக்கு வந்தது. பள்ளி நேரம் முடிந்தபின் மற்ற சங்கங்களுக்கு இடம் கொடுக்கிற பள்ளி, மதச் சார்பு என்பதற்காகவே குட் நியூஸ் கிளப் என்ற கிறிஸ்தவப் பிள்ளைகள் குழுவை ஒதுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது. அந்தக் கிளப்புக்கு வரப் பெற்றோர் அனுமதி தேவை என்பதும் அங்கே கணக்கில் எடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2012இல் வில்லியம்ஸ் வழக்கு. குயின்ஸ்லாந்து ஸ்கிரிப்ச்சர் யூனியன் அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பிய சாப்ளின்களுக்கு (மாணவர்களுக்குத் துணையாக இருக்கும் ஆன்மிக ஆலோசகர்கள்) மத்திய அரசு பணம் கொடுத்ததை எதிர்த்து ஒரு தந்தை போனார். அவர் வென்றார், ஆனால் மதப் பிரச்சினையில் அல்ல. சட்டம் இயற்றாமல் அரசு அப்படிச் செலவழிக்க அதிகாரமில்லை என்பதுதான் தீர்ப்பு. ஆக, பள்ளிக்குள் வரலாமா கூடாதா என்பதற்கு நீதிமன்றங்கள் நமக்கு முழு விடை தரவில்லை.

என் வகுப்பறையை ஒரு மாணவர் குழு பயன்படுத்தியது. நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: கதவு திறந்திருக்கவேண்டும், பின்வரிசையில் நான் நோட்டுத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குழுவை நடத்தியவர் ஒத்துக்கொண்டார், இரண்டு வருடம் நன்றாக நடந்தது. அவருக்குப் பின் வந்தவர் "பிள்ளைகள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்" என்றார். அவருக்கு நான் அறையைத் தரவில்லை.

குருவிக்கூடு

நான் விசுவாசி. ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவள், என் பிள்ளைகளையும் அப்படியே வளர்க்கிறேன். அதனால் நான் சொல்வதை வெளியாள் பேச்சு என்று தள்ளவேண்டாம், அண்ணா.

என் மகளை 9 வயதில் முகாமுக்கு அனுப்பினேன். நல்லவர்கள், நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்து இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, எல்லாரும் கையைத் தூக்கினாங்க. எனக்குத் தூக்கம் வந்துடுச்சு, தூக்கல. இயேசுவுக்கு இனிமே என்னைப் பிடிக்காதா?"

அவள் பிறந்த நாள் முதல் அவர் அவளை நேசிக்கிறார் என்று சொல்லித்தான் வளர்த்தேன். ஐந்து நாளில் அந்த நேசத்துக்கு ஒரு நிபந்தனை வந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. கை தூக்கிய பிள்ளைகளை எண்ணினார்கள், தூக்காத பிள்ளையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

விளக்குத்தண்டு

தங்கச்சி, உங்கள் பதிவை நேற்று இரவே படித்துவிட்டேன். உடனே பதில் எழுத முடியவில்லை.

நாங்களும் எண்ணுகிறோம். முகாம் முடிந்ததும் அறிக்கையில் 'தீர்மானம் எடுத்தவர்கள்' என்று ஒரு வரி உண்டு. ஆதரவாளர்களுக்குப் போகும் கடிதத்தில் முதலில் வருவதே அந்த எண்தான். அந்த வரி இருக்கிறவரை கடைசி இரவு இப்படித்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வரும் திட்டமிடல் கூட்டத்தில் அந்த வரியை எடுக்கச் சொல்வேன். அழைப்பே வேண்டாம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சுவிசேஷத்தைச் சொல்லிவிட்டு 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்காமல் இருப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை. ஆனால் பகலில் கேட்கலாம், கண்ணைத் திறந்தபடி கேட்கலாம், வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவிடம் பேசிவிட்டு வா என்று சொல்லலாம்.

நாலாம்வரிசை சார், அந்த வித்தியாசத்தை ஒத்துக்கொள்கிறேன். எங்களிடம் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக்கூடாது, ஜெபிப்பதானாலும் மற்றவர்கள் பார்வையில்தான் என்று விதி இருக்கிறது. தொடக்கத்தில் அது எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது இல்லை.

நாலாம்வரிசை

நன்றி, சார். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: புகார் வந்தால் அதே நாளில் வெளியே, போலீசுக்கோ குழந்தைகள் நலத் துறைக்கோ போகவேண்டும். உள் விசாரணை அதற்குப் பிறகு. 1982இல் இதைச் செய்திருந்தால் ஜிம்பாப்வே நடந்திருக்காது.

வெண்பலகை

1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு மனச்சாட்சி சுதந்திரத்தைப் பிள்ளைக்கே கொடுக்கிறது. அதன் வளர்ச்சிக்கு ஏற்ப வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்குக் கொடுக்கிறது. ஆற்றுமணல், உங்கள் அக்கா மகள் போக ஆசைப்படுகிறாள் என்பதும் கணக்கில் வரவேண்டும். நீங்கள் அவளிடம் பேசினீர்களா?

ஆற்றுமணல்

இன்றைக்குத்தான் பேசினேன். என்னுடைய அட்டைகளைப் பற்றியும் சொன்னேன், மூன்றையும். சிரித்துவிட்டு, "நான் டிக் அடிக்கமாட்டேன் மாமா, பிடிக்கலன்னா சொல்லிடுவேன்" என்றாள். என்னைவிடத் தைரியசாலி. தடுக்கப் போவதில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். என் கருத்து மாறவில்லை. பள்ளி நேரத்தில் படிவம் கொடுத்தனுப்புவது தவறு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

படிவத்தைத் திரும்பப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் 'கைபேசி கொண்டுவரக்கூடாது' என்று இருக்கிறது. விளக்குத்தண்டு சார், உங்களிடமே கேட்கிறேன். நடுராத்திரியில் அவளுக்கு அம்மாவிடம் பேசவேண்டும் என்று தோன்றினால்?

விளக்குத்தண்டு

முகாம் அலுவலகத்தில் தொலைபேசி இருக்கும். எங்களிடம் கேட்டால் எந்த நேரமும் கொடுப்போம்.

ஆற்றுமணல்

கேட்டால் கொடுப்பீர்கள், நம்புகிறேன். 13 வயதில் நான் கேட்டிருக்கமாட்டேன், சார். யாரிடமும் கேட்காமலே எடுத்துப் பேசும்படி அந்தத் தொலைபேசியை வெளி வராந்தாவில் வையுங்கள்.