பெட்டிக்குள் வந்ததை விடப் பெட்டியே பெறுமதி

கிளிநொச்சியிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை:

நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் இடையில் எங்கள் வீடுகளில் வெற்றுப் பெட்டிகளுக்குக் குறைவிருப்பதில்லை. விடுமுறை முடிந்து பிள்ளைகள் வரும்போது, விளையாட்டுப் பொருள்கள் செய்வதற்காக அவற்றைக் கொண்டுவரச் சொல்வேன். வீட்டுக்குள் இருப்பதை மட்டுமே எடுக்க வேண்டும், வளவிலோ தெருவோரத்திலோ கிடப்பதைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன். கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறாத மண்ணில் இது மிகையான எச்சரிக்கையன்று.

பெற்றோர் பெரும்பாலும் பளபளக்கும் சுற்றுத்தாளையே பெருமையுடன் அனுப்புகின்றனர். கையில் கசக்கி விட்டதும் தானாக விரிந்துகொள்ளும் தாளில் பிளாஸ்ரிக் கலந்திருக்கும். அதில் கோதுமை மாப் பசை ஒட்டாது. எனக்கு உண்மையில் வேண்டியது, வெளிநாட்டுப் பொதிகள் வருகின்ற மண்ணிற நெளிமட்டைதான். அதன் இரு தாள்களுக்கும் நடுவே வரிசையாகச் சிறு குழாய்கள் ஓடுவதால், தென்னோலை ஈர்க்கு ஒன்றை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுத்து, இரு முனைகளிலும் சோடாப் போத்தல் மூடிகளைச் செருகினால், ஒட்டுவதற்கு எதுவுமின்றியே சில்லுகள் உருளத் தொடங்கிவிடும். மூடியில் துளையிடும் வேலையையும் ஈர்க்கின் கூர்முனையை நறுக்கும் வேலையையும் நானே செய்துவிடுவேன். மகிழுந்து செய்யலாம் என்றுதான் நான் சொல்வது. பிள்ளைகள் செய்வதோ லான்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரமும் அதன் பின்னால் நெல் மூடை ஏற்றும் பெட்டியும்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு பாட்டனார்:

ஆசிரியை அவர்கள் கூறிய நெளிமட்டையின் ஒருபக்கத் தாளை நீரில் நனைத்து மெதுவாக உரித்தால், உள்ளிருக்கும் அலைகள் வெளியே தெரியும். பொம்மை வீட்டுக்கு அதுவே தகரக் கூரை. என் பேத்திக்கு அப்படித்தான் வேய்ந்து கொடுத்தேன். ஆனால் மாரி மழையில் மாப் பசை உலர மறுக்கிறது, ஒருநாள் விட்டால் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆகையால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சி, மெல்லியதாகப் பூசுகிறோம். செய்த பொருளை நிலத்தில் வைக்கக் கூடாது என்பதை வன்னியில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை, கறையானே சொல்லிக் கொடுத்துவிடும். தயிர்க் கோப்பையில் பூச்சாடி செய்பவர்கள் அடியில் துளையிட்டுவிடுங்கள்; நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும்.

பொதிக்குள் வரும் ரெஜிபோம் என்னும் இலேசான வெண்ணிற நுரைக் கட்டியையும் பயன்படுத்தலாமா, ஆசிரியை?

முன்பள்ளி ஆசிரியை:

ஐயா, சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். வெட்டும்போது மணிமணியாக உதிர்ந்து காற்றில் பறக்கிறது, வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் போய்விடும். வளவில் போட்டாலோ உக்குவதேயில்லை. பெரிய கட்டியாக இருந்தால் வெட்டாமல் அப்படியே துணியால் சுற்றித் தைத்து, பொம்மை வீட்டின் அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். கூரை வேய்ந்த மட்டை வீடு நிலத்தைத் தொடாமலும் இருக்கும்.