அப்டேட்: வயலின் பெக் வழுக்குற பிரச்சனை, கியர் பெக் போட்டு தீர்ந்துச்சு

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க. ஏசி ஹாலுக்குள்ள போனாலே பெக் (தந்திய முறுக்கி சுருதி சேக்குற திருகு) வழுக்கி, முதல் தந்தி பஞ்சமத்தோட சுருதி இறங்கிடுதுன்னு கேட்டிருந்தேன்ல, முதல்ல பெக்ல சாக்பீஸ் தடவிப் பாத்தேன், ரெண்டு நாள் நின்னுச்சு, மறுபடி பழைய கதைதான். கடைசில ஒருத்தர் சொன்ன கியர் பெக்தான் கை கொடுத்துச்சு. விட்னர் கம்பெனி செட், 8.5:1 கியர், அதாவது பெக்க எட்டரை சுத்து திருப்பினாதான் தந்தி சுத்துற தண்டு ஒரு சுத்து சுத்தும், பாக்க சாதா மரப் பெக் மாதிரியேதான் இருக்கு. மரப் பெக் வெறும் உராய்வுல நிக்குது, காத்து காஞ்சா சுருங்கி வழுக்கும், இதுல வெளிக்கூடு ஓட்டைக்குள்ள அசையாம இருக்கும், தண்டு மட்டும்தான் சுத்தும். ஓட்டைய ரீமர் (துளைய பெருசாக்குற கருவி) போட்டு சரியான அளவுக்குக் கொண்டு வரணும், அத நான் ரிப்பேர்காரர்கிட்டயே விட்டுட்டேன்.

எதிர்பாக்காதது: நாலு தந்தியையும் ஒண்ணா கழட்டினதுல வயலின் உள்ள நிக்குற சவுண்ட் போஸ்ட் (மேல் பலகைக்கும் கீழ் பலகைக்கும் நடுவுல இருக்குற சின்ன மரக்குச்சி) விழுந்துடுச்சு, அத நிறுத்தி நாதத்த சரி பண்ணவே ஒரு மணி நேரம் ஆச்சு, முன்னாடியே யோசிச்சிருக்கணும். அப்புறம் தந்தி மாத்தும்போது சுத்தி சுத்தி கையே வலிக்குது. பழக்கதோஷத்துல பெக்க உள்ள அழுத்துறதும் இன்னும் போகல, இதுக்கு அழுத்தவே வேணாம். சுருதிய நுணுக்கமா சேக்க தந்தியோட அடிப்பக்கம் இருந்த ஃபைன் ட்யூனர் திருகு மட்டும் கழட்டிட்டேன், சுருதி பெக்லயே நுணுக்கமா நிக்குது.