கேட்ஸ்பியை மறுபடி வாசிப்பவர்களுக்கு: ஒரு தாள், ஒரு கடிகாரம், நான்கு மணி

ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ ஒன்பதே அத்தியாயம். ரெண்டு நாளில் முடித்துவிட்டு, “பணக்காரன் ஒருத்தன் பழைய காதலியை நினைத்து உருகிச் செத்தான், இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று கேட்பவர்கள் நிறைய. நடந்த வரிசை வேறு, சொல்லப்படும் வரிசை வேறு என்பதைக் கவனிக்காமல் ஓடிவிட்டால் அப்படித்தான் தோன்றும்.

இரண்டாம் வாசிப்பில் ஒரு வெள்ளைத்தாளை நடுவில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் அது எந்த அத்தியாயத்தில் நமக்குத் தெரியவருகிறது என்பது. 1917 அக்டோபர், லூயிவில், வெள்ளைக் காரில் அந்தப் பழைய காதலி டெய்ஸியும் ஒரு லெப்டினன்ட்டும் (அவன்தான் கேட்ஸ்பி): நான்காம் அத்தியாயம். 1919 ஜூன், டெய்ஸிக்கும் டாமுக்கும் கல்யாணம்: அதே நான்கு. பதினேழு வயது ஜேம்ஸ் காட்ஸ் தன் பெயரைக் கேட்ஸ்பி என்று மாற்றிக்கொள்வது: ஆறு. போர் முடிந்து அவன் லூயிவிலுக்குத் திரும்பிப்போனது: எட்டு. 1906 செப்டம்பர் 12, சிறுவன் எழுதிய தினசரி அட்டவணை: ஒன்பது.

ஆகப் பழைய செய்தி கடைசியில்தான் வருகிறது, அதுவும் அவன் செத்த பிறகு, அப்பா கையால். காலை 6 மணிக்கு எழுவது, 6.15 முதல் டம்பெல்லும் சுவரேறுதலும், இரவு 7 முதல் 9 வரை ‘தேவைப்படும் கண்டுபிடிப்புகளை’ப் படிப்பது. டெய்ஸியைப் பார்ப்பதற்குப் பதினோரு வருஷம் முன்பே கனவு ஓடத் தொடங்கிவிட்டது. டெய்ஸி அந்தக் கனவு போய் ஒட்டிக்கொண்ட இடம். இதைத் தாளில் பார்த்த பிறகு ‘காதல் கதை’ என்று சொல்ல வாய் வராது.

அந்த அட்டவணையில் இன்னொன்று: வாரம் 5 டாலர் சேமிப்பு என்று எழுதி, அடித்து, 3 டாலர் ஆக்கியிருப்பான். தன் கணக்கை நடப்புக்குத் தக்கபடி அவனே குறைத்துக்கொண்ட இடம் நாவல் முழுக்க இது ஒன்றுதான்.

*

ஐந்தாம் அத்தியாயக் கடிகாரத்தைப் பற்றி. தேர்வுத்தாள்களில் ‘கடிகாரம் காலத்தின் குறியீடு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தை மெதுவாக வாசித்தால் விஷயம் அதைவிட வேடிக்கையானது.

கதை சொல்லும் நிக்கின் வீட்டில் தேநீருக்கு டெய்ஸி நான்கு மணிக்கு வர வேண்டும். நான்குக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே கேட்ஸ்பி, நேரமாகிவிட்டது, இனி யாரும் வரமாட்டார்கள், வீட்டுக்குப் போகிறேன் என்கிறான். ஐந்து வருஷம் காத்திருந்தவனுக்கு இரண்டு நிமிடம் பொறுக்கவில்லை. பிறகு அவள் வந்ததும் கணப்பு மாடத்தின் மேல் சாய்ந்து நிற்கிறான், தலை பட்டுக் கடிகாரம் சரிகிறது, நடுங்கும் விரல்களால் பிடித்து நிறுத்துகிறான். கவனியுங்கள், அது ஓடாத கடிகாரம். ஏற்கெனவே நின்றுபோன ஒன்றைத்தான் உடையாமல் காப்பாற்றி, அதற்காக மன்னிப்பும் கேட்கிறான். அங்கே இருந்த மூவரும் ஒரு கணம் அது தரையில் விழுந்து நொறுங்கிவிட்டதாகவே நம்பினார்கள் என்கிறார் நிக்.

சந்தித்துப் பல வருஷம் ஆகிறது என்று டெய்ஸி பொதுவாகச் சொல்கிறாள். அவனிடமிருந்து பட்டென்று பதில்: வருகிற நவம்பரோடு ஐந்து. அந்த நவம்பர் இன்னும் வரவே இல்லை, அது கோடைகாலம். அவள் ‘பல’ என்கிறாள், இவன் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். ஒருவருக்கு ஒருவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு வரி போதும்.

*

மேலே சொன்ன நான்கு மணியைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள், திரும்பத் திரும்ப வரும். ஏழாம் அத்தியாயத்தில் டாமும் கேட்ஸ்பியும் மோதிக்கொள்ளப்போகும் பிளாசா ஹோட்டல் அறைக்குள் நுழையும்போது, மணி நான்காகியும் ஜன்னலைத் திறந்தால் அனல்தான் வருகிறது. அன்று இரவு முழுக்க டெய்ஸியின் வீட்டு வெளியே கேட்ஸ்பி காவல் நிற்கிறான். விடிகாலை நான்கு மணிவாக்கில் அவள் ஜன்னலுக்கு வந்து ஒரு நிமிடம் நின்று விளக்கை அணைத்துவிட்டுப் போகிறாள். மறுநாள் பிற்பகல், அவளிடமிருந்து வரப்போகும் தொலைபேசி அழைப்புக்காகக் கேட்ஸ்பியின் வீட்டுப் பணியாளர் நான்கு மணிவரை காத்திருக்கிறார். வந்தாலும் சொல்வதற்கு அதற்குள் ஆள் இல்லை.

சந்திப்பு, மோதல், விளக்கணைப்பு, வராத அழைப்பு. நான்கு முறை நான்கு மணி.

*

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு எச்சரிக்கை. ஃபிட்ஸ்ஜெரால்டின் எண்களை ரொம்ப நம்பிவிடக் கூடாது. 1919 ஜூனில் கல்யாணம், அடுத்த ஏப்ரலில் குழந்தை என்று டெய்ஸியின் தோழி ஜோர்டன் சொல்கிறாள். அப்படியானால் கதை தொடங்கும் 1922 ஜூனில் குழந்தைக்கு இரண்டு வயது. முதல் அத்தியாயத்தில் டெய்ஸி மூன்று என்கிறாள். 1906 தேதியிட்ட அட்டவணை எழுதப்பட்டிருப்பது ‘ஹோபலாங் காசிடி’ புத்தகத்தின் கடைசித் தாளில், அந்தப் புத்தகமோ வெளிவந்தது 1910இல். நான்கு மணி மணியாகப் பொருந்துகிறது என்பதற்காக முழு நாவலும் கணக்குப் போட்டு எழுதியது என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள், இந்த இரண்டு இடத்திலும் மாட்டிக்கொள்வீர்கள்.

*

கேட்ஸ்பி கேட்டது டெய்ஸியை அல்ல. ஆறாம் அத்தியாயத்தின் பிற்பகுதியையும் பிளாசா காட்சியையும் அடுத்தடுத்து வாசியுங்கள். அவள் டாமிடம் போய் “உன்னை நான் ஒருநாளும் நேசித்ததில்லை” என்று சொல்ல வேண்டும். பிறகு இருவரும் லூயிவிலுக்குப் போய், ஐந்து வருஷத்துக்கு முந்தைய நாள் போலவே அவள் வீட்டிலிருந்தே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். பிளாசாவில் டெய்ஸி, இப்போது உன்னை நேசிக்கிறேன், அது போதாதா என்று மன்றாடுகிறாள். போதவில்லை. நிகழ்காலம் முழுசாகக் கையில் வந்தும் வேண்டாம் என்கிறான். அன்றைக்குத்தான் அவளுடைய குழந்தையையும் முதல்முறை பார்க்கிறான், வியப்போடு பார்த்துக்கொண்டே இருக்கிறான். அப்படி ஒரு குழந்தை இருப்பதையே அவன் அதுவரை நம்பவில்லை போலும் என்கிறார் நிக். அழிக்க முடியாத அந்த ஐந்து வருஷம் கைகால் முளைத்து எதிரே நிற்கிறது.

தமிழில் எழுத முயல்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நாவலின் கடைசி வரியில் வரும் படகை ‘எதிர்நீச்சல்’ என்று போட்டால் கெட்டுவிடும். நம் காதில் அது வெற்றிக்கான சொல், கைதட்டல் வந்துவிடும். அங்கே இருப்பது துடுப்புப் போடப் போட நீரோட்டம் பின்னால் இழுத்துக்கொண்டு போவது. ‘இறந்தகாலம்’ இலக்கண வகுப்பு போல இருக்கும். ‘கடந்தகாலம்’தான் சரி. ஆற்றைக் கடப்பது போலக் கடந்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் காலம், படகோடு நம்மை அங்கேயே கொண்டு சேர்க்கிறது.

*

பதிப்பு விஷயம். முதல் பதிப்பு 1925 ஏப்ரல் 10, ஸ்கிரிப்னர்ஸ். கடைசிப் பக்கத்தில் ‘எதிர்காலம்’ என்ற சொல்லுக்கு முன்னால் வரும் அடைமொழி ‘ஆர்காஸ்டிக்’. 1941 பதிப்பில் விமர்சகர் எட்மண்ட் வில்சன் அதைப் பிழை என்று கருதி ‘ஆர்ஜியாஸ்டிக்’ ஆக்கினார், அது பல பதிப்புகளில் தங்கிவிட்டது. முதலாவது உச்சக்கட்ட இன்பம், இரண்டாவது கூட்டக் களியாட்டம், பொருளே மாறிவிடும். அமெரிக்காவில் 2021 முதல் காப்புரிமை இல்லாததால் மலிவுப் பதிப்புகள் குவிந்து கிடக்கின்றன. வாங்கும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முகப்பில் நான்கு வரிக் கவிதை எழுதிய தாமஸ் பார்க் டி’இன்விலியர்ஸ் யார் என்று தேடி அலையவும் வேண்டாம், ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவலில் வரும் பாத்திரம் அவர்.

இன்னொரு சுவையான தகவல்: டச்சு மாலுமிகளும் படகும் வரும் அந்த முடிவுப் பகுதி கையெழுத்துப் பிரதியில் முதல் அத்தியாயத்தின் கடைசியில் இருந்தது. பிறகுதான் தூக்கிக் கடைசிக்குக் கொண்டுபோனார்.

*

தாள் போடுபவர்கள் கோடையின் இரு முனையையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாய விருந்தில் டெய்ஸி, இன்னும் இரண்டு வாரத்தில் வருஷத்தின் மிக நீண்ட பகல் என்கிறாள். ஒவ்வொரு வருஷமும் அதற்காகக் காத்திருந்து, வரும்போது தவறவிட்டுவிடுவாளாம். எட்டாம் அத்தியாயத்தில் தோட்டக்காரர் வந்து, இலை உதிரத் தொடங்கிவிடும், குழாய் அடைத்துக்கொள்ளும், இன்று நீச்சல்குளத்தைக் காலி செய்துவிடட்டுமா என்கிறார். இன்று வேண்டாம் என்கிறான் கேட்ஸ்பி. பிறகு நிக்கிடம் திரும்பி, இந்தக் கோடை முழுக்க நான் அதில் இறங்கவே இல்லை, தெரியுமா என்கிறான்.