சொந்த ரூட்டர் மாட்டப் போய் இரண்டு நாள் நெட் இல்லாமல் உட்கார்ந்த கதை

ஃபைபர் வயர் வீட்டுக்குள் நுழைகிற மூலையிலேயே மோடத்தை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசி அறைக்கு வைஃபை எட்டவே இல்லை. சரி, நல்ல ரூட்டர் ஒன்று வாங்கிவிடுவோம் என்று வாங்கினேன். மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளுக்கானது) ரூட்டரின் வான் போர்ட்டுக்கு (வெளியிலிருந்து நெட் வாங்குவது) ஒரு கேபிள், வேலை முடிந்தது என்று நினைத்தேன். நெட் வரவில்லை. மோடத்தின் ஐபி முகவரியும் 192.168.1.1, என் ரூட்டருடையதும் 192.168.1.1, இரண்டும் மோதிக்கொள்கின்றன என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. ரூட்டரை 192.168.2.1 என்று மாற்றியதும் வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மகன் விளையாடும் கேமில் 'நேட் ஸ்ட்ரிக்ட்' என்று வர ஆரம்பித்தது. வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே ஐபி முகவரியில் வெளியே காட்டுவதுதான் நேட்; அது 'ஸ்ட்ரிக்ட்' என்றால் வெளியிலிருந்து வரும் இணைப்பு தடைபடும். மோடம் ஒரு நேட், ரூட்டர் ஒரு நேட், ஆக டபுள் நேட். மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (நேட் செய்யாமல் இணைப்பை அப்படியே ரூட்டருக்குக் கடத்துவது) மாற்றச் சொல்லி கஸ்டமர் கேருக்கு போன் செய்தால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா சார்?" என்று மூன்று முறை கேட்டார்கள். பொறுமை போய், குண்டூசியை எடுத்து மோடத்தின் ரீசெட் ஓட்டையில் அழுத்திவிட்டேன். நிறுவனத்தின் நெட்டில் உள்நுழையும் பிபிபிஓஇ முறைக்கான யூசர்நேம், பாஸ்வேர்ட், இணைப்புக்கான வீலேன் எண் எல்லாம் அதற்குள்தான் இருந்தன, அழிந்துவிட்டன. ஃபைபர் சிக்னலைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நிற்கிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை. இரண்டு நாள் அப்படியே ஓடியது.

வந்த டெக்னீஷியன் நல்ல மனிதர். பிரிட்ஜ் போட்டுக் கொடுத்து, யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் காகிதத்தில் எழுதியும் தந்தார். அவர் போன பிறகு சில தளங்கள் திறந்தன, சில சுற்றிக்கொண்டே இருந்தன. ரூட்டரில் எம்டியூ, அதாவது ஒரு தடவையில் அனுப்பும் டேட்டா பொட்டலத்தின் உச்ச அளவு, 1500 பைட் என்று இருந்தது. பிபிபிஓஇக்கு 8 பைட் போய்விடும் என்பதால் 1492 என்று வைத்தேன், சரியாகிவிட்டது.

உங்களுக்கெல்லாம் எப்படி அமைந்தது?

பதில்:
எனக்கு யூசர்நேமே கிடையாது, டிஹெச்சிபி இணைப்பு, மாட்டினால் ஐபி தானாக வர வேண்டும். ஆனாலும் என் ரூட்டரை மாட்டினால் ஐபி வராது, அவர்கள் கொடுத்ததை மாட்டினால் வந்துவிடும். பழைய பெட்டியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்)ப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து அந்த எண்ணை ரூட்டரில் 'மேக் குளோன்' பகுதியில் போட்டதும் ஓடியது. ஸ்டிக்கரை முதலிலேயே போட்டோ எடுத்து வையுங்கள்.

பதில்:
பிரிட்ஜ் போட்ட அன்றைக்கே எங்கள் வீட்டு லேண்ட்லைன் செத்துப்போனது. போன் இணைப்பும் மோடம் வழியாகத்தான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அம்மா போட்ட சத்தத்தில் பழையபடியே மாற்றச் சொல்லிவிட்டேன். இப்போது ரூட்டர் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் ஓடுகிறது. மோடமே ஐபி கொடுக்கும், ரூட்டர் வைஃபை மட்டும் பார்த்துக்கொள்ளும். மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டேன். டபுள் நேட்டும் இல்லை. வைஃபை எட்டாததுதான் குறை என்றால், என்னைக் கேட்டால் இதுவே போதும்.

பதில்:
என் கதை இதைவிடக் கேவலம். கேமராவை வெளியிலிருந்து பார்க்கத்தான் இத்தனை பாடும் பட்டேன். பிரிட்ஜ், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை கேமராவுக்குத் திருப்பிவிடுவது) எல்லாம் முடித்தும் கேமரா தெரியவில்லை. ரூட்டரின் வான் ஐபி 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரை இருந்தால் அது சிஜிநேட், அதாவது நிறுவனத்தின் பக்கத்திலேயே இன்னொரு நேட். நம் வீட்டில் தலைகீழாக நின்றாலும் போர்ட் திறக்காது. பப்ளிக் ஐபி கேட்டு வாங்கிய பிறகுதான் கேமரா தெரிந்தது. பிரிட்ஜுக்கு அலைவதற்கு முன் மோடத்துக்குள் போய் அந்த எண்ணை ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்று, 300 எம்பிபிஎஸ் பிளானில் 94க்கு மேல் வரவில்லை என்று ரூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கேபிளின் நுனியில் ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தது. எட்டும் சேர்ந்தால்தான் கிகாபிட், இல்லாவிட்டால் 100க்கு இறங்கிவிடுகிறது.

முதல் பதிவு எழுதியவர்:
இப்போதுதான் பார்த்தேன். எனக்கும் வான் ஐபி 100.81 என்றுதான் ஆரம்பிக்கிறது, அதாவது சிஜிநேட். மகனிடம் இன்னும் சொல்லவில்லை.